எண்ணெய் சேராத டப்பா

அத்தியாயம் 6

வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் பூச்சி சிரித்துவிட்டுப் போயிருப்பான். இருபது வருஷம் டீசல் டாக்ஸி ஓட்டியவன் அவன். அவன் கைக்கு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் பேய் பிடித்தவைதான். ஆனால் செத்துப்போன மனுஷன் வாரா வாரம் வந்து தன் வண்டியைப் பராமரித்துவிட்டுப் போகிறார் என்று ஒரு மெக்கானிக் பட்டப்பகலில் சொன்னால் சிரிப்பு எங்கிருந்து வரும்? எச்சில் விழுங்கத்தான் வந்தது.

சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப்பில், பானெட்டைத் திறந்துவைத்த ஒரு சாம்பல் நிற டீசல் காரைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். பிஸ்டன் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் ஒருவர். புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்ற ஒரு பெண், அவள்தான் வழக்கை இவர்களிடம் கொண்டுவந்த கட்சிக்காரி. பிறகு பூச்சி. அவனுக்கு முன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்ஜினுக்குள் குனிந்திருந்தவர் சர்வேயரம்மா.

சர்வேயரம்மா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். நொறுங்கின வண்டி பொய் சொல்லாது, நொறுக்கினவன்தான் சொல்வான் என்பது அவர் அங்கே கற்ற ஒரே பாடம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பாடத்தை வைத்தே துப்பறிந்துகொண்டிருக்கிறார். பூச்சி அவருக்கு டிரைவர், உதவியாளர், சமயத்தில் தலைவலி.

"டப்பாவைக் காட்டுங்க," என்றார்.

பிஸ்டன் ஒரு சின்ன அலுமினிய டப்பாவை நீட்டினார். தண்ணீர் பாட்டில் அளவு. மேலே இரண்டு ரப்பர் ஹோஸ் மாட்டும் வாய், அடியில் ஒரு திருகு. உள்ளே இரண்டு ஸ்பூன் அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்குன்னு இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்று சர்வேயரம்மா கட்சிக்காரியைக் காட்டினார்.

"டீசல் இன்ஜின் ஓட ஓட எண்ணெய்ப் புகை விடும்மா. அந்தப் புகையைத் திருப்பி இன்ஜின் மூக்குலயே விட்டிருப்பாங்க, வெளிய விடக்கூடாதுன்னு. இன்னொரு பக்கம் சைலன்சர்ல போகவேண்டிய கரிப்புகையிலயும் கொஞ்சம் ஒரு வால்வு வழியா அதே மூக்குக்கு வரும். கரி தனியா வந்தா தூசு. எண்ணெயும் சேர்ந்தா தார். ரெண்டும் குழைஞ்சு காத்துக் குழாயையே அடைச்சிடும். அப்புறம் வண்டி இழுக்காது, கரும்புகை கக்கும், ஒருநாள் நடுரோட்டுல படுத்துக்கும்."

"என் மச்சினன் மாதிரி," என்றான் பூச்சி.

"அதுக்குத்தான் நடுவுல இந்த டப்பா. எண்ணெயை இது பிடிச்சு வச்சுக்கும். வண்டிக்காரப் பெரியவர் தானே தேடிப் பிடிச்சு மாட்டினது. ஞாயித்துக்கிழமையானா திருகைத் திறந்து வடிச்சிடுவார். மாசம் ஒருதடவை போதும் சார்னு சொல்லுவேன். 'உனக்குப் போதும், வண்டிக்குப் போதுமான்னு கேட்டியா'ம்பார்." பிஸ்டன் குரலைத் தாழ்த்தினார். "அவர் போய்ப் பத்து மாசமாச்சு. அந்த வாரம் நான் சர்வீஸ் பண்ணிக் கொடுத்த வண்டி, இப்பத்தான் திரும்ப என்கிட்ட வருது. அவர் சம்சாரம் டீச்சரம்மாவுக்கு பானெட் எந்தப் பக்கம் திறக்கும்னுகூடத் தெரியாது. டப்பா நிரம்பி வழிஞ்சிருக்கணும். காலியா இருக்கு. காத்துக் குழாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க, வெறும் தூசு. நான் கும்பிட்டுட்டு வெளிய வந்துட்டேன்."

பூச்சி விரலை விடவில்லை. சர்வேயரம்மா விட்டார். விரல் நுனியில் கண்மை அளவுக்குக் கருப்பு. அவ்வளவுதான்.

"ஹோஸ் எங்கயாவது கழண்டு கிடந்ததா? எண்ணெய் டப்பாவுக்கே வராம வெளிய போயிருந்தா?"

"ஊதிப் பார்த்துட்டேன்மா. ஒரு பொத்தல் கிடையாது."

கட்சிக்காரி அதுவரை பொறுத்திருந்தாள். "மேடம், இதுக்கு மேல என்ன வேணும்? பெரியவர் உயிரோட இருக்கார். என் வீட்டுக்காரர் கொலை பண்ணலை. திங்கட்கிழமை தீர்ப்பு மேடம். இன்னிக்கு சனிக்கிழமை."

வழக்கு இதுதான். அண்ணன் அரசாங்கத்தில் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். தம்பி லிஃப்ட் பராமரிக்கும் ஒப்பந்தக்காரன். இருவரும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். தம்பி பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் ஒன்று ஐந்தாவது மாடியிலிருந்து விழுந்து ஒரு பெண் இறந்துபோனாள். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் கயிறு நன்றாக இருக்கிறது என்று அண்ணன் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்தார். விசாரணைக்கு முந்தின நாள் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை. மறுநாள் காலையில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நீர்த்தேக்கத்தின் படிக்கட்டில் அண்ணனின் செருப்பும் கண்ணாடியும் கிடந்தன. தம்பியின் பைக்கை அங்கே பார்த்ததாக ஒருவன் சொன்னான். 'வாயைத் திறந்தா தொலைச்சிடுவேன்' என்று தம்பி கத்தியதைக் கேட்டேன் என்று அண்ணன் மனைவியே சாட்சி சொன்னாள். உடல் கிடைக்கவில்லை. தம்பி அன்றைக்கு உள்ளே போனவன்தான்.

"தேடிக்கிட்டுப் போனார் மேடம். அண்ணன் ஏதாவது பண்ணிக்கப் போறார்னு பயந்து பின்னாடியே போனார். யார் நம்புறா?" என்றாள் கட்சிக்காரி, தம்பி மனைவியான இளையவள். அன்றிலிருந்து கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் பேச்சு கிடையாது. ஓரகத்திகள் இருவரும் ஒரே மாடிப்படியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருத்தி ஏறினால் இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொள்வாள்.

சர்வேயரம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். பிஸ்டனின் பழைய சர்வீஸ் அட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா ஸ்கூல் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர். வண்டியில பள்ளிக்கூடம், வண்டியில வீடு. வேற எங்கயும் போறதில்லை. ஞாயித்துக்கிழமை மட்டும் அவங்க அம்மா வீட்டுக்கு. அதுவும் அடுத்த தெருதான்," என்றாள் இளையவள்.

"பூச்சி, ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓட்டுற டீசல் வண்டி எப்படி இருக்கும்?"

"நாறிடும் மேடம். இன்ஜின் சூடு ஏறுறதுக்குள்ள நிறுத்திடுவாங்க. கரி எரியவே எரியாது. அடுப்பைப் பத்தவச்சு உடனே அணைச்சா வீடெல்லாம் புகையா இருக்குமே, அப்படி. டப்பா வச்சிருந்தாலும் ஆறு மாசத்துல மூக்கடைச்சிரும்."

"இதுக்கு அடைக்கலை. ஏன்னா இது ரெண்டு கிலோமீட்டர் வண்டி இல்லை." அவர் அட்டையை ஆட்டினார். "பத்து மாசத்துல நாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஸ்கூலுக்கு எண்ணூறு வச்சுக்கோ. மீதியைப் பத்து மாசத்து ஞாயித்துக்கிழமைகளால வகுத்துப் பாரு."

பூச்சி விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தோற்றான். "சொல்லிடுங்க மேடம், எனக்கு டாக்ஸி மீட்டர்தான் கணக்கு."

"ஞாயித்துக்கிழமைக்குத் தொண்ணூறு. போக நாப்பத்தஞ்சு, வர நாப்பத்தஞ்சு."

இளையவள் முறுக்கிய தலைப்பை விட்டாள். நாற்பத்தைந்து கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கீழ்வீட்டுக் கூடத்தில் மூத்தவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். சுவரில் புருஷன் படம் இருந்தது. இறந்தவர் படம் மாதிரி அலங்கரிக்கவும் இல்லை, இருப்பவர் படம் மாதிரி விட்டுவிடவும் இல்லை. தினமும் துடைக்கிற பளபளப்பு மட்டும் இருந்தது. நாற்காலி ஒன்றின் முதுகில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, இஸ்திரி போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. பூச்சி அந்த நாற்காலியை விட்டுத் தள்ளியே நின்றான்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை எங்க போறீங்க?" சர்வேயரம்மாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அம்மா வீட்டுக்கு."

"கணக்கு இடிக்குதே."

மீட்டர், அட்டை, தொண்ணூறு கிலோமீட்டர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். கதவோரம் நின்ற இளையவளால் அதற்கு மேல் முடியவில்லை. பத்து மாதத்துப் பேச்சு ஒரே மூச்சில் வந்தது.

"அக்கா, பெரியவரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. என் பிள்ளைங்க அப்பாவை ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கத்துல இருந்து பார்க்குதுங்க."

"ஒளிச்சு வைக்கறதுக்கு அவர் இருந்தாத்தானே," என்றாள் மூத்தவள்.

விடைத்தாள் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு அவளே பேசினாள், யாரையும் பார்க்காமல்.

"அவர் செருப்பு கிடந்த படியில போய் உக்காந்துட்டு வருவேன். ஒரு மணி நேரம். வேற ஒண்ணுமில்லை. முதல் ஞாயித்துக்கிழமை உக்காந்து அழுதுட்டுத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் புழுதி, கண்ணாடி மங்கிப் போயிருந்தது போகும்போது. வண்டிக்குத் திரும்பி வந்தா முன்கண்ணாடி துடைச்சிருக்கு. அவர் துடைக்கற மாதிரியே, இடமிருந்து வலமா, மூலை வரைக்கும். அடுத்த வாரமும் அப்படித்தான். அதுக்கடுத்த வாரமும். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா பைத்தியம்பாங்க. நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன். அவர் அங்க இருக்கார். உடம்போட இல்லை. ஆனா இருக்கார்."

பூச்சி நாற்காலியிலிருந்து இன்னும் ஓரடி நகர்ந்தான். இளையவள் அழ ஆரம்பித்தாள். அவள் கண்ட நம்பிக்கை கண்ணெதிரே பொய்த்துப்போனது. உயிரோடு இருப்பவரைத் தேடி வந்தவளுக்கு ஒரு பேயைக் காட்டினால் கோர்ட்டில் அதை வைத்து என்ன செய்வாள்?

சர்வேயரம்மா மட்டும் அசரவில்லை. "பானெட்டை நீங்க திறந்ததுண்டா?"

"அது எப்படித் திறக்கறதுன்னே தெரியாது."

"படியில உக்காந்திருக்கும்போது வண்டியைப் பூட்டிட்டுத்தான் போவீங்க?"

"ஆமா."

"வண்டிக்கு இன்னொரு சாவி?"

"அவர் பாக்கெட்லயே இருக்கும். அவரோடயே போயிடுச்சு."

சர்வேயரம்மா எழுந்தார். "நாளைக்கும் போவீங்க இல்லையா? எங்க ஆள் ஒருத்தர் பின்சீட்டுக்குக் கீழ படுத்துக்கட்டும். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

டீச்சர் பூச்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "வரட்டும். நீங்களும் பார்க்கணும்ல. பயப்படாதீங்க தம்பி, அவர் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டார்."

வெளியே வந்ததும் பூச்சி பிடித்துக்கொண்டான். "மேடம், உங்ககிட்ட சேரும்போது நீங்க சொன்ன வேலையில பேய்க்குக் காவல் படுக்கறது இல்லை."

"பேய்க்கு பானெட் திறக்கணும்னா பூட்டின கதவைத் திறந்து, உள்ள கைவிட்டு, லீவரை இழுக்கணுமா?"

பூச்சி யோசித்தான். "அப்ப அதை அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னது தப்பாப் போச்சுன்னா, அவங்க ரெண்டாவது தடவை புருஷனைப் பறிகொடுக்கணும்," என்றார் சர்வேயரம்மா. "அதுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பூச்சி காரின் பின்பக்கத் தரையில் குறுக்கிப் படுத்திருந்தான். அவன் மேல் ஒரு பழைய போர்வை, போர்வைக்கு மேல் இரண்டு கட்டு விடைத்தாள். ஒன்பதாம் வகுப்பின் அல்ஜீப்ரா அவன் நெஞ்சை அழுத்தியது. வாழ்நாளில் கணக்குக்கு அவ்வளவு பக்கத்தில் அவன் போனதில்லை.

சர்வேயரம்மா முதல் பஸ்ஸிலேயே நீர்த்தேக்கத்துக்குப் போய்விட்டார். பம்ப் அறை நிழலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதாக ஏற்பாடு.

நகரத்தைத் தாண்டியதும் டீச்சர் வண்டியை மிதித்தாள். இன்ஜின் உறுமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சீராக இழுத்தது.

"வேகமாப் போறேன்னு நினைக்காதீங்க தம்பி. வாரத்துல ஒரு நாளாவது அரைமணி நேரம் வண்டியை நல்லா இழுத்து ஓட்டணும்பார். இல்லேன்னா கரி உள்ளயே தங்கிடுமாம். அவர் இருந்தப்ப நான் காதுல வாங்கினதே இல்லை. இப்பதான் செய்யறேன்."

"நல்லா ஓட்டுறீங்கம்மா," என்று போர்வைக்குள்ளிருந்து பூச்சி சொன்னான். உண்மையைத்தான் சொன்னான்.

வண்டி நின்றது. டீச்சர் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கிவைத்தாள், அவன் மூச்சுவிட. கதவு பூட்டிக்கொண்டது. அவளுடைய செருப்புச் சத்தம் சரளைக்கல்லில் நடந்து, படியில் இறங்கி, இல்லாமல் போனது.

அதன் பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் இருக்கும் இடத்தில் தண்ணீரின் சத்தமாவது கேட்கவேண்டும், அதுவும் கேட்கவில்லை. சூடான இன்ஜின் ஆறும்போது 'டிக்... டிக்...' என்று சுருங்கியது. முதலில் அடுத்தடுத்து, பிறகு விட்டுவிட்டு. போர்வையின் ஓட்டை வழியே பூச்சிக்குத் தெரிந்தது முன்சீட்டின் முதுகும், ஒரு துண்டு வெள்ளை வானமும்தான்.

பத்து நிமிஷம் போயிருக்கும். சரளைக்கல் நெறிபட்டது.

டீச்சரின் நடையல்ல அது. செருப்பில்லாத கால். நாலு அடி வைத்து நின்றது. மறுபடி நாலு அடி. காரைச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நின்று நின்று வந்தது. பூச்சி தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதாலோ என்னவோ ஒருவரும் வரவில்லை.

வெளிச்சம் மங்கியது. யாரோ முன்கண்ணாடியை மறைத்து நின்றார்கள். ஈரத்துணி கண்ணாடியில் கீச்சென்று இழுபட்டது. இடமிருந்து வலமாக. மூலை வரைக்கும்.

பிறகு சாவி நுழையும் சத்தம். கதவு திறந்தது. ஒரு கை உள்ளே வந்தது. மெலிந்த கை. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. அது தேடவே இல்லை. இருட்டில் வீட்டு ஸ்விட்சைத் தொடுவதுபோல நேராக ஸ்டீயரிங்குக்குக் கீழே போய் லீவரை இழுத்தது. 'டக்'.

பூச்சி கண்ணை மூடிக்கொண்டான். மூடின கண்ணோடு அவனுக்கு ஒரு வாசனை வந்தது. டீசல், வியர்வை, மலிவான சோப்பு. பேய்களைப் பற்றி அவன் கேட்டிருந்த எந்தக் கதையிலும் பேய் சோப்பு போட்டதில்லை. அந்த ஒரு வாசனை அவனுக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தது. கண்ணைத் திறந்தான். முன்னால் பானெட் எழும்பியிருந்தது. பாட்டிலுக்குள் ஏதோ மெல்ல ஒழுகும் சத்தம் கேட்டது.

"டப்பா நிரம்பிடுச்சா சார்?"

சர்வேயரம்மாவின் குரல். பக்கத்திலேயே கேட்டது.

பாட்டிலை மூடும் சத்தம் கேட்டது. "இந்த வாரம் கம்மி," என்றது ஓர் ஆண்குரல். "யாரோ கழட்டி சுத்தம் பண்ணிட்டு மாட்டியிருக்காங்க. ஹோஸ் கிளிப்பைச் சரியா முறுக்கலை."

பூச்சி அல்ஜீப்ராவை உதறிக்கொண்டு வெளியே வந்தான். சுவரில் பார்த்த படத்தின் சொந்தக்காரர் நின்றிருந்தார், தாடியும் பத்து கிலோ குறைவுமாக. படகுத்துறையில் வேலை செய்பவர்களின் நீலச் சட்டை. ஒரு கையில் பழுப்புத் தண்ணீர் கலந்த எண்ணெய் பாட்டில், மறுகையில் நாலாக மடித்த துணி.

"படகு இன்ஜின் பார்க்கறேன், அந்தக் கரையில," என்று யாரும் கேட்காமலே சொன்னார். "சாகத்தான் வந்தேன். படியில இறங்கினேன். மார்பளவு தண்ணி வரைக்கும் போனேன். அதுக்கு மேல கால் போகலை. சாகவும் முடியலை, திரும்பி வரவும் முடியலை."

"லிஃப்ட்?" என்றார் சர்வேயரம்மா.

"மேல ஏறிக் கயித்தைப் பார்த்திருக்கணும். முழங்கால் வலி. தம்பி, 'நான் பார்த்துட்டேண்ணே, போடுங்க'ன்னான். போட்டேன். முப்பது வருஷத்துல திறந்து பார்க்காம கையெழுத்துப் போட்டது அது ஒண்ணுதான். ஒரு பொண்ணு செத்துப்போச்சு." பாட்டிலைப் பார்த்தார். "இவ வந்த முதல் வாரம் அந்தக் கரையில இருந்து பார்த்தேன். வண்டி சத்தம் கேட்டது. டப்பா ரொம்பியிருக்கும், எண்ணெய் உள்ள போயிடும்னு தோணிச்சு. பார்க்காம இருக்க முடியலை. கரையைச் சுத்தி வந்துட்டேன்."

"உங்க தம்பி உள்ள இருக்கறது தெரியுமா?"

"தெரியும். பேப்பர்ல பார்த்தேன். ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் போய்ச் சொல்லிடலாம்னு..."

சொல்லிக்கொண்டே பானெட்டை இறக்கினார். எப்போதும் ஓசை வராமல் அழுத்தி மூடுகிற கை அன்றைக்குப் பாதியில் விட்டுவிட்டது. பானெட் நழுவிப் படாரென்று விழுந்தது. அந்தச் சத்தம் தண்ணீர்மேல் போய் எதிர்க்கரையில் இடித்துத் திரும்பியது.

படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள்.

அவள் ஓடி வரவில்லை. ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். பாதி வழியிலேயே அடையாளம் தெரிந்திருக்கும். முகத்தில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பூச்சி அதுவரை எந்த முகத்திலும் பார்த்திராத சந்தோஷம் வந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. கிட்டே வர வர அது இறங்கிக்கொண்டே வந்தது. நீலச் சட்டை, பாட்டில், துடைத்த கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா. ஒன்றோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்க அவளுக்கு வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை.

"இங்கருந்து பார்த்தா படி தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"நான் உக்காந்து அழுதது?"

அவர் தலையைக் குனிந்தார்.

"வண்டிக்கு மூச்சு முட்டுமேன்னு வாரா வாரம் ஓடி வந்திருக்கீங்க." குரல் உயரவில்லை. "நான் சொன்ன சாட்சியில உங்க தம்பி பத்து மாசமா உள்ள கிடக்கார். அதை நினைச்சு ஒரு நாள் ஒழுங்காச் சாப்பிட்டதில்லை. இருந்தாலும் உண்மையைத்தானே சொன்னோம்னு மனசைத் தேத்திக்குவேன். நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"என்னை மன்னிச்சு..."

"நீங்க பேயாவே இருந்திருக்கலாம்," என்றாள். "அந்தப் பேயோட நான் நல்லாத்தான் குடும்பம் நடத்திக்கிட்டிருந்தேன்."

பூச்சி சரளைக்கல்லைப் பார்த்தான். சர்வேயரம்மாகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்காத இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் தேடிய மனிதர் உயிரோடு எதிரில் நிற்கிறார். ஆனால் ஜெயித்த முகமாக அது இல்லை.

டீச்சர் கையை நீட்டினாள். "சாவி."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பின்கதவைத் திறந்து, விடைத்தாள் கட்டுகளை எடுத்து முன்னால் வைத்தாள்.

"ஏறுங்க. முதல்ல போலீஸ் ஸ்டேஷன். நாளைக்குக் கோர்ட். லிஃப்ட் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிடுங்க, அந்தப் பொண்ணுக்கும் ஒரு அம்மா இருப்பா."

அவர் ஏறினார். எட்டு வயசுப் பிள்ளைபோல முழங்காலில் கைவைத்து உட்கார்ந்தார். சர்வேயரம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பூச்சி முன்சீட்டுக்குப் போனான்.

டீச்சர் வண்டியை எடுக்கவில்லை. போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள். பத்து மாதமாக அழுத்தாத நம்பர். ஆனால் விரல் யோசிக்கவில்லை. அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். இளையவளின் குரல் பூச்சிக்கே கேட்டது.

"நான்தான்மா, அக்கா பேசறேன். அழாத. கேளு. உன் வீட்டுக்காரர் வந்துடுவார். நாளைக்கே வந்துடுவார். பிள்ளைங்ககிட்ட சொல்லு. ஆமா, நிஜமாத்தான். நான் பார்த்துட்டேன், என் கண்ணால."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக என்னவோ கேட்டது. பிறகு ஒரு கேள்வி வந்தது. 'பெரியவர்?' என்று மட்டும் பூச்சியின் காதில் விழுந்தது.

டீச்சர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். பின்சீட்டும் அவளைப் பார்த்தது.

"இல்லைம்மா," என்றாள். "அவர் போனது போனதுதான்."